எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் கடைசி நாட்கள்: விலக்கில்லாத பராமரிப்பு என்றால் என்ன?

ஒரு நோயை இனிக் குணப்படுத்த இயலாது என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்துவிட்ட பிறகும், அந்த நோயாளிக்குச் செய்ய வேண்டியவை ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. வலியைக் குறைக்கலாம், மூச்சுத்திணறலைத் தணிக்கலாம், படுக்கைப்புண் வராமல் காக்கலாம், மனத்தை அரிக்கும் கேள்விகளை அவர் வாய்விட்டுப் பேசத் துணையிருக்கலாம், எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, எப்படி ஊட்டுவது என்று வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கலாம். இவை அனைத்தையும் உள்ளடக்கியதுதான் பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. நோய் தெரியவந்த நாளிலிருந்தே, மற்ற சிகிச்சையோடு சேர்த்தே இதைத் தொடங்கலாம். வாழ்நாளின் கடைசி மாதங்களிலும் வாரங்களிலும் நாட்களிலும் இது எடுக்கும் வடிவத்தை இறுதிக்காலப் பராமரிப்பு என்கிறோம்.

இத்துறையின் நவீன வடிவத்துக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான அவர், 1967-இல் லண்டனில் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். சாவை நெருங்கியவரின் வலி உடலோடு நிற்பதில்லை, மனம், உறவு, பணம், இறைநம்பிக்கை என எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கிறது என்பதை அவர் 'முழுமையான வலி' என்ற சொல்லால் விளக்கினார். எச்.ஐ.வி.யைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மாத்திரையை இருவர் விழுங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரை மகள் தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீர் புகட்டுகிறாள். இன்னொருவருக்கு மாத்திரையும் தண்ணீரும் அறை வாசலில் தனி டம்ளரில் வைக்கப்படுகின்றன. இரண்டாமவருக்கு வலி ஏன் அடங்கவில்லை என்பதற்கான விடையை மருந்தின் அளவில் மட்டும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

'விலக்கில்லாத' என்ற அடைமொழி இங்கேதான் பொருள் பெறுகிறது. மருத்துவமனைக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒரு திருநங்கை ஆண்கள் வார்டில் படுத்தால்தான் கட்டில் கிடைக்கும் என்றாலோ, ஒருவர் தன் வாழ்க்கைத் துணைவரை 'ரூம்மேட்' என்று சொன்னால்தான் அவரை உள்ளே விடுவார்கள் என்றாலோ, ஒரு பெண் தன் பாலியல் தொழில் பற்றிய பேச்சு வார்டு முழுக்கப் பரவுவதைச் சகித்துக்கொண்டால்தான் மருந்து கிடைக்கும் என்றாலோ, அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. தன்னுடைய ஏதேனும் ஒரு பகுதியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒருவர் கவனிக்கப்படுவதையே விலக்கில்லாத பராமரிப்பு என்கிறோம்.

இன்னமும் எச்.ஐ.வி.யால் இறக்கிறார்களா?

மருந்துகள் வந்துவிட்ட பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, தொற்று என்பது ஏறத்தாழ மரணத்தின் முன்னறிவிப்பாகவே இருந்தது. காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், பிற மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமாக மாறியது அதற்கடுத்த காலத்தில்தான். 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் அந்த முதல் மையங்களில் ஒன்று. இன்று கூட்டு மருந்தை விடாமல் எடுத்துக்கொள்பவர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார். இரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவுவதும் இல்லை.

ஆனாலும் மரணங்கள் நிகழ்கின்றன. மிகத் தாமதமாக நோய் தெரியவந்து, நோய் எதிர்ப்பு ஆற்றலைக் காட்டும் சி.டி.4 இரத்த அணுக்களின் எண்ணிக்கை 200-க்கும் கீழே போன பிறகு காசநோயோடோ மூளைக்காய்ச்சலோடோ வந்து சேருபவர்கள் இருக்கிறார்கள். வேலை தேடி ஊர் மாறியதாலும், மன உளைச்சலாலும், மையத்துக்குப் போனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தாலும் மருந்தை இடையில் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், கல்லீரல் நோய் ஆகியவை எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவற்றோடு இன்னொரு பெரிய மாற்றத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்: 2004-இல் முப்பது வயதில் மருந்து தொடங்கியவர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் சுமார் 25 லட்சம் பேரில் ஒரு பெரும் பகுதியினர் இனி மாரடைப்பாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் பக்கவாதத்தாலும் முதுமையாலும்தான் இறப்பார்கள். எச்.ஐ.வி.யோடு தொடர்பே இல்லாத ஒரு நோயால் சாகக் கிடக்கும்போதும் அவருடைய கோப்பில் எச்.ஐ.வி. என்ற சொல் இருக்கும். அதுவரை அன்பாக நடத்திய செவிலியரின் கை அந்தச் சொல்லைப் படித்ததும் தயங்கக்கூடும். எனவே இது எய்ட்ஸ் வார்டுகளோடு முடிந்துவிட்ட பேச்சு அல்ல. எல்லா வார்டுகளுக்கும் உரிய பேச்சு.

வலியும் மருந்தும்

எச்.ஐ.வி. உள்ளவரின் இறுதிக்கால வலி பல இடங்களிலிருந்து வரும். கால் பாதங்களில் எரிவதும் குத்துவதுமாக வரும் நரம்பு வலி இவற்றில் முக்கியமானது. கிருமியே நரம்புகளைப் பாதிப்பதுண்டு, ஸ்டாவுடின் போன்ற பழைய எச்.ஐ.வி. மருந்துகளும் நரம்புகளைச் சேதப்படுத்தியிருக்கின்றன. வாயிலும் உணவுக்குழாயிலும் படரும் பூஞ்சையால் எச்சில் விழுங்குவதே வேதனையாகிவிடும். இதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்து கொடுத்தாலே பெரிய நிம்மதி கிடைக்கும். கடைசிக் கட்டத்திலும் வலிக்கான காரணத்தைத் தேடிச் சிகிச்சை செய்வது வீண் வேலை அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

கடும் வலிக்கு, அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பின் என்ற வலி நிவாரணி தேவைப்படும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அடுக்கடுக்கான உரிமங்கள் கேட்கப்பட்டதால், அபினி விளையும் இந்த நாட்டிலேயே மார்பின் கிடைக்காமல் எண்ணற்றோர் வலியில் துடித்தார்கள். கேரளத்தின் நோய்த்தணிப்பு மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோரின் பல்லாண்டு முயற்சிக்குப் பிறகு 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, உரிம முறை எளிமையாக்கப்பட்டது. ஆயினும் முன்பு போதை ஊசி பழக்கம் இருந்தவருக்கு மார்பின் கொடுக்க இன்றும் பலர் தயங்குகிறார்கள். 'நடிக்கிறார், மருந்துக்காகக் கேட்கிறார்' என்ற சந்தேகம் எழுகிறது. மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. அவருடைய உடல் அவ்வகை மருந்துகளுக்குப் பழகியிருப்பதால், அதே வலிக்கு அவருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம். கணக்கு வைத்துக்கொண்டு, ஒருவர் பொறுப்பில், குறைந்த நாட்களுக்கான அளவாக அடிக்கடி கொடுக்கலாம். கொடுக்காமல் விடுவது தண்டனையாகிவிடும்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் என்பதையும் கவனிக்க வேண்டும். ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த கூட்டு மருந்து எடுப்பவருக்கு, தோலில் ஒட்டும் வலி நிவாரணியான ஃபென்டனில் பட்டையை ஒட்டினால், இரத்தத்தில் ஃபென்டனிலின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவருக்கு இரும்புச்சத்து, கால்சியம், அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த வயிற்று எரிச்சல் மருந்து ஆகியவற்றை அதே நேரத்தில் வெறும் வயிற்றில் கொடுத்தால் உடல் டோலுடெக்ராவிரைச் சரியாக ஏற்காது. ஆகவே வலி நிவாரண மருத்துவரும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது அவசியம்.

கூட்டு மருந்தை எப்போது நிறுத்துவது என்பது குடும்பத்தார் தவறாமல் கேட்கும் கேள்வி. விழுங்க முடிகிற வரை தொடர்வதே பெரும்பாலும் நல்லது. நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகி, காய்ச்சலும் சோர்வும் புதிய தொற்றுகளும் வரலாம், ஹெபடைடிஸ் பி சேர்ந்து இருப்பவருக்குக் கல்லீரல் திடீரென மோசமாகலாம். நினைவு தப்பி, சில நாட்களே எஞ்சியிருக்கும் நிலையில் மாத்திரையை வாயில் திணிப்பதால் பயன் ஏதுமில்லை. ஆனால் அதை நிறுத்தும் முடிவை அவரோடோ அவர் நம்புகிறவரோடோ பேசி எடுக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரு வேளை தவறாமல் விழுங்கிய மாத்திரை அது; முன்பே பேசாமல் ஒரு நாள் காலையில் நிறுத்திவிட்டால், தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் எண்ணிக்கொள்ளக்கூடும்.

தொடுதல்

கடைசி நாட்களில் உடலுக்கு மற்றெந்த நாளையும்விட அதிகமாகத் தேவைப்படுவது இன்னொருவரின் கை. குளிப்பாட்ட, துடைக்க, புரட்டிப் படுக்க வைக்க, சும்மா பிடித்துக்கொண்டிருக்க. எச்.ஐ.வி. பற்றிய பழைய பயம் மிகக் கூர்மையாகத் தாக்குவதும் அந்த நேரத்தில்தான் என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

கிருமி இரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவங்கள், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே பரவுகிறது. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, வியர்வை, கண்ணீர், எச்சில் படுவதாலோ பரவுவதில்லை. இரத்தத்தையோ, புண்ணையோ, மலம், சிறுநீர், வாந்தியையோ கையாளும்போது கையுறை அணிய வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இது எச்.ஐ.வி. உள்ளவருக்கான தனி விதி அல்ல; எந்த நோயாளியாக இருந்தாலும் பின்பற்ற வேண்டிய பொது முன்னெச்சரிக்கை. ஆகவே கட்டிலில் சிவப்பு அடையாளம், கோப்பின் மேல் பெரிய எழுத்து, தனி மூலை ஆகியவற்றுக்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. பரவக்கூடிய நுரையீரல் காசநோய் இருந்தால் சில வாரங்கள் காற்றோட்டமான தனி இடம் தேவைப்படலாம். அந்தத் தனிமை காசநோய்க்காக, எச்.ஐ.வி.க்காக அல்ல என்பதை நோயாளிக்குச் சொல்லிப் புரியவைப்பது பராமரிப்பாளரின் கடமை.

பயன்படுத்திய ஊசி தவறுதலாகக் குத்திவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் செவிலியர்களுக்கு உண்டு. அதைக் கேலி செய்யக் கூடாது. அப்படிக் குத்தினாலும் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றுதான். நோயாளி கூட்டு மருந்தில் இருந்தால் அதுவும் வெகுவாகக் குறையும். முடிந்தவரை உடனேயும், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள்ளும் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் எடுத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு மேலும் குறைகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், நோயாளியைப் பாகுபடுத்துவதைத் தடை செய்வதோடு, பணியாளர்களுக்குக் கையுறை முதலிய பாதுகாப்புப் பொருட்களையும் இந்தத் தடுப்பு மருந்தையும் நிறுவனம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கையுறைப் பெட்டி காலியாக இருக்கும் வார்டில் அன்பை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது என்பதை அந்தச் சட்டம் உணர்ந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

யாருக்குத் தெரிய வேண்டும்?

மேற்சொன்ன சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் பிறரிடம் வெளிப்படுத்தக் கூடாது என்பது அதன் மையமான விதிகளில் ஒன்று. சிகிச்சைக்குத் தேவை என்றால் மருத்துவப் பணியாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகளும் உண்டு. கட்டிலருகே நின்று விசாரிக்கும் மைத்துனர் அந்த விலக்குகளில் வரமாட்டார்.

நடைமுறையில் இது எத்தனை சிக்கலானது என்பதை வீட்டுப் பராமரிப்பில் காணலாம். கேரளத்தில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைக் கொண்டு வளர்ந்த வீட்டுப் பராமரிப்பு உலக அளவில் பாராட்டப்பட்ட முன்மாதிரி. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டில் படுக்கையில் இருப்போருக்கான ஆதரவுச் சேவை இடம்பெற்றிருக்கிறது. பெரும்பாலோருக்கு இது வரம். ஆனால் தன் ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே பக்கத்து மாவட்டத்து ஏ.ஆர்.டி. மையத்தில் பல ஆண்டுகளாக மருந்து வாங்கிவரும் ஒருவருக்கு, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கு வருவது நிம்மதியைக் குலைக்கும் செய்தி. அவருக்கும் சேவை சென்றுசேர வேண்டுமானால், யார் வரலாம் என்று முதலில் அவரையே கேட்க வேண்டும். வேறு பகுதிப் பணியாளரை அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். வருகிறவருடைய குறிப்பேட்டில் படுக்கைப்புண், வலி, உணவு ஆகியவை இருந்தால் போதும், நோயின் பெயர் இருக்கத் தேவையில்லை. எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகளைச் சேர்ந்த, அதே நோயோடு வாழும் துணைவர்கள் இந்தப் பணிக்கு மிகவும் பொருத்தமானவர்கள். 1998-இல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் போன்ற அமைப்புகளில் அத்தகைய அனுபவம் திரண்டிருக்கிறது.

இரகசியம் இறப்போடு முடிவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இடம்பெறக் கூடாது. ஆனால் மருத்துவமனை பதிவாளருக்கு அனுப்பும் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. வீட்டாரிடம் சொல்லாமலே வாழ்ந்து முடித்தவரின் உண்மை, ஒரு காகிதத்தின் வழியாக அவர்கள் கைக்குப் போய்ச்சேர வாய்ப்பிருக்கிறது. ஆகையால் நினைவு தெளிவாக இருக்கும்போதே, யாரிடம் சொல்ல விரும்புகிறார், யார் சொன்னால் நல்லது என்று ஓர் ஆலோசகர் அவரோடு மெல்லப் பேசிவைக்க வேண்டும். கட்டாயப்படுத்தும் பேச்சாக அது இருக்கக் கூடாது.

யார் உறவு?

நம் மருத்துவமனைகளில் 'அட்டெண்டர் யார்?' என்று கேட்டால் இரத்த உறவையோ தாலி உறவையோதான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து பதினாறு வயதில் விரட்டப்பட்ட திருநங்கைக்குத் தாய் என்பவர் அவரைத் தத்தெடுத்த குரு. மகள் என்பவர் அவருடைய சீடரான சேலா. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழும் இரு ஆண்களுக்கு ஒருவருக்கு மற்றவரே குடும்பம். பல ஆண்டுகள் எட்டிப் பார்க்காத அண்ணன் கடைசி வாரத்தில் வந்து நின்று, கூட இருந்து மலம் அள்ளியவரை வெளியே போகச் சொல்வது நடக்கிறது. சட்டம் பெரும்பாலும் அண்ணன் பக்கமே சாய்கிறது.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம், குணமடைய வாய்ப்பில்லாத நிலையில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே எழுதிவைக்கும் ஆவணத்தை ஏற்றது. முதலில் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அது தளர்த்தப்பட்டு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும் என்றானது. தன் சார்பில் பேசப் பாதுகாவலராகவோ நெருங்கிய உறவினராகவோ ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர்களையும் அதில் எழுதலாம். 2024 ஆகஸ்டில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ள வழிசெய்யுமாறு கூறியது. உறவினர் வந்துவிட்டால் துணைவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார் என்பது இதில் எஞ்சியிருக்கும் குறை. எனினும் வாசலில் நின்றவரைப் பற்றி அரசுக் காகிதம் ஒன்று பேசியிருக்கிறது. இந்த ஆவணங்களுக்கெல்லாம் முன்பாக, வார்டில் சேர்க்கும் நாளிலேயே 'உங்களுக்கு யார் பக்கத்தில் இருக்க வேண்டும்?' என்று கேட்டு, வரும் பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

இறந்த பிறகு

எச்.ஐ.வி. உள்ளவரின் உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, முகம் காட்டாமல், நேரே மயானத்துக்கு அனுப்பிவிடும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. தேவையற்ற கொடுமை அது. இறந்த உடலைத் தொடுவதால் எச்.ஐ.வி. தொற்றாது. புண்களைக் கட்டி, இரத்தக் கசிவு உள்ள இடங்களில் பஞ்சு வைத்து, கையுறையோடு குளிப்பாட்டலாம், கோடித்துணி போர்த்தலாம், முகத்தைத் திறந்து வைக்கலாம், வாய்க்கரிசி போடலாம், புதைப்பதோ எரிப்பதோ அவரவர் வழக்கப்படி செய்யலாம். திருநங்கை ஒருவர் இறந்தால் பிறந்த வீட்டார் வந்து வேட்டி உடுத்தி, ஆண் பெயரில் சடங்கு செய்வதுண்டு. அவர் என்ன உடையில், எந்தப் பெயரில் போக விரும்பினார் என்பதை உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்திருந்தால் மருத்துவமனையிலிருந்து உடல் புறப்படும் வரையிலாவது அதைக் காப்பாற்ற முடியும்.

பின்னால் எஞ்சுபவர்களின் துக்கமும் இந்தப் பராமரிப்பின் பகுதியே. கணவரை இழந்த பெண்ணுக்குத் தன் பரிசோதனை முடிவும் தன் மருந்தும் அதே வாரத்தில் கவனிக்க வேண்டியவையாக இருக்கலாம். புகுந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு 2017-ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். ஊருக்கு 'நண்பர்' என்றே தெரிந்த துணைவரோ, சாவு வீட்டில் கடைசி வரிசையில் நிற்க வைக்கப்பட்டு, துக்கம் விசாரிக்க ஆளின்றித் தனி அறைக்குத் திரும்புகிறார். இறந்தவரைப் பார்த்துக்கொண்ட ஆலோசகரோ செவிலியரோ பத்து நாட்கள் கழித்து அவரைத் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்க வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லி அவர் பேச விரும்பினால் முழுக்கக் கேட்க வேண்டும்.